கிள்ளிப் பார்த்தல்

இரவு பத்தேகாலுக்கு
லொறியில் வந்து இறங்கினார்கள்.
கம்பளிக்குள் பிள்ளை.
டிலுக்சன், வயது மூன்று,
தராசில் பத்துக் கிலோ நானூறு.
காலையிலிருந்து பதினொரு தடவை என்றாள் ராஜமலர்.
டொக்டர் லீவு.
மஸ்கெலியா ரோட்டில் மண் சரிந்து கிடந்தது.
நான் இருந்தேன்,
அலுமாரியில் ஜீவனி பக்கெட்டுகள் இருந்தன.

வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன்.
மடிப்பு அப்படியே நின்றது,
பிறகு
மனசில்லாமல் படுத்தது.

ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீர்,
ஒரு பக்கெட்.
ஒரு தேக்கரண்டி. பொறு.
இன்னொரு கரண்டி.

"வெறுந்தண்ணி எவ்வளவோ குடுத்தேன் மிஸ்ஸி, நிக்கவே இல்ல.
இதுல அப்படி என்னா இருக்கு?"
உப்பும் சீனியும் என்றேன்.
சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

கால்ல ஏறுன அட்டைக்கு உப்பு வைப்பியே, என்றேன்,
சுருண்டு விழுமே, ஏன்?
அதன் உடம்புத் தண்ணீரை
உப்பு வெளியே கூப்பிடுகிறது.
தண்ணீருக்கு வேறு வழி தெரியாது,
உப்பு எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் போகும்.
அதே உப்பை இன்றைக்கு
இவன் உடம்புக்குள்ளே நின்று கூப்பிடச் சொல்கிறோம்.

அவள் காலைப் பார்த்துக்கொண்டாள்.
கணுக்காலில் காய்ந்த ரத்தம், நேற்றையது.

மீதியை நான் சொல்லவில்லை.
கரண்டிக்கும் கரண்டிக்கும் நடுவே
எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது:
குடலின் உட்சுவரெங்கும் வீடுகள்,
லயம் போல ஒட்டி ஒட்டி.
ஒவ்வொன்றையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சுவர்.
மூச்சுக்காற்று கேளாமலே நுழைந்துவிடும்.
சீனி வாசலில் நிற்கும்.
தனியே வந்தால் அந்தக் கதவு அசையாது.
இரண்டு உப்பு வந்து
கையைப் பிடித்தால்தான் மூவரும் உள்ளே,
பின்னாலேயே தண்ணீர்.
அந்தக் கதவும் அட்டை கேட்பதில்லை,
அப்பன் பெயர், டிவிசன் நம்பர், எதுவும்.
கூட யார் வந்திருக்கிறது என்பது மட்டும்தான்
அதற்குத் தெரிய வேண்டும்.

உள்ளே வந்த உப்பு அங்கேயே தங்கிவிட்டால்
கதவு நின்றுபோகும்.
ஆகையால் பின்வாசலில் ஒருத்தி இருக்கிறாள்.
மூன்றை வெளியே தள்ளி
இரண்டை உள்ளே இழுத்து,
மூன்றை வெளியே, இரண்டை உள்ளே,
ராப்பகலாய், மேட்டுக்கு எதிராய்.
இறக்கத்துக்குக் கூலி இல்லை.
ஏற்றத்துக்கு உண்டு;
வந்த சீனியிலிருந்துதான் அதையும் கொடுத்தாக வேண்டும்.
கொழுந்து மூட்டையோடு மலை ஏறுகிறவளுக்கு
இதைப் போய் நான் சொல்வதா?

மூன்று மணிக்கு மகேந்திரராஜ் வந்தான்,
ஷிப்ட் முடியுமுன்பே,
உடம்பெல்லாம் வாட்டு மாடி மணம்.
அங்கே அவன் வேலை
இலையிலிருந்து தண்ணீரைப் போகவிடுவது.
விடிய விடிய விசிறிக் காற்று.
கைநிறைய அள்ளிப் பிசைந்து விரல் திறந்தால்
இலை உருண்டையாய் நிற்க வேண்டும்;
விரிந்துகொண்டால்
தண்ணீர் இன்னும் போகவில்லை.

யாரையும் கேட்காமல்
மகன் வயிற்றைக் கிள்ளினான்.
மடிப்பு நின்றது.
"வாடிருச்சு" என்றான்.

கரண்டியை அவன் கையில் கொடுத்தேன்.

மூன்றரைக்கு வாந்தி,
ராஜமலரின் மடி முழுக்க.
பத்து நிமிடம் பொறுத்தோம்.
அந்தப் பத்து நிமிடத்தில்
தகரத்தில் மழை விழுவதைத் தவிர
யாரிடமும் பேச்சில்லை.
மறுபடி ஒரு கரண்டி, இன்னும் மெதுவாக.

ஐந்து மணி தாண்டி
அப்பன் சாரத்தில் மூத்திரம் பெய்தான்.
துடைக்கப் போனவள் கை குளிர்ந்திருக்க
வீரிட்டு அழுதான்,
இரவெல்லாம் வறண்டே அழுதவன்.
கன்னத்தில் ஈரம்.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள் ராஜமலர்.
"கரிக்குது மிஸ்ஸி."

ரிஜிஸ்டரை எடுத்தேன்.
ஜீவனி, பக்கெட் ஒன்று.
கரண்டிகளை எண்ணி எழுத
அதில் கட்டம் இல்லை.

மேலே பெரட்டுத் தப்பு கேட்கத் தொடங்கியது.
மகேந்திரராஜ் இன்னொரு தடவை கிள்ளினான்.
விரலெடுக்குமுன் தோல்
விருட்டென்று தன்னிடம் திரும்பியது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.
"இப்படி விரிஞ்சா
பெக்டரி ஐயா ஏசுவாரு" என்றான்.